மஹிந்திரா தார்: ஓட்டிப் பழகுவதும் பத்திரப்படுத்துவதும்

சாதாரண காரிலிருந்து மஹிந்திராவின் ஜீப் ரக வண்டியான தாருக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இடிப்பது பின்பக்கத்தைத்தான். ஸ்டெப்னி பின்கதவுக்கு வெளியே தொங்குகிறது. பார்க்கிங் சென்சாரோ கீழே பம்பரில் இருக்கிறது. லாரியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியோ மாடிப்படியின் அடிப்பகுதியோ சென்சாருக்குத் தெரியாது, ஸ்டெப்னிதான் போய் முட்டும். உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாலும் கண்ணாடியில் ஒரு பகுதியை அதே சக்கரம் மறைக்கிறது. 2025 அக்டோபர் மாற்றத்துக்குப் பிறகு வரும் சில வகைகளில் பின் கேமரா உண்டு. கேமரா இல்லாத வண்டி என்றால் மற்ற அலங்காரங்களுக்கு முன் கேமராவைப் போட்டுவிடுங்கள்.

இது 2020 அக்டோபர் 2-ல் வந்த இரண்டாம் தலைமுறை மூன்று கதவுத் தாரைப் பற்றிய மதிப்பீடு. தரையிலிருந்து 226 மி.மீ. உயரம், முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் (வீல்பேஸ்) வெறும் 2450 மி.மீ., முன்பக்கம் 41.8 டிகிரி மேட்டில் இடிக்காமல் ஏறும். காட்டுப் பாதையில் இதன் பலம் எல்லாம் இந்த எண்களில்தான் இருக்கிறது. தார் ரோட்டில் இதன் பலவீனமும் அதே எண்களில்தான் இருக்கிறது. உயரமான, குட்டையான வண்டி வளைவில் சாயும், ஸ்பீட் பிரேக்கரில் குதிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் காரை ஓட்டிய வேகத்தில் இதைத் திருப்ப முயலாதீர்கள். வளைவுக்கு முன்பே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டு, சீரான வேகத்தில் திருப்பி வெளியே வாருங்கள். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பின்சக்கரங்களில் டிரம் பிரேக்தான். ஒன்றே முக்கால் டன் எடையை மலை முழுக்கக் காலாலேயே நிறுத்திக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும்.

4 வீல் டிரைவ் வகைகளில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர் இருக்கும்: 2 ஹெச் (பின்சக்கர இயக்கம்), 4 ஹெச் (நான்கு சக்கர இயக்கம்), என் (நியூட்ரல்), 4 எல் (மெதுவான, இழுவை கூடிய நான்கு சக்கர இயக்கம்). (2023-ல் வந்த பின்சக்கர இயக்க வகையில் இது கிடையாது. வெளித்தோற்றம் ஒன்றுதான் என்பதால் பழைய வண்டி வாங்குகிறவர்கள் உள்ளே பார்த்து உறுதி செய்யுங்கள்.) இந்த லீவரைப் புரிந்துகொள்ளாமல் ஓட்டுவதால் வரும் செலவுதான் பெரியது. 4 ஹெச் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் பூட்டப்படும், வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற கியர் அமைப்பு நடுவில் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஸ்டீயரிங் கனக்கும், டயர் கத்தும், முறுக்கம் முழுதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும். பிறகு லீவர் 2 ஹெச்சுக்கு வராமல் அடம் பிடிக்கும். பலம் போட்டு இழுக்காதீர்கள். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கம் தளர்ந்து தானாக விழும். ‘மழையில் பிடிப்பு கிடைக்கும்’ என்று நனைந்த நெடுஞ்சாலையில் 4 ஹெச்சில் வேகமாகப் போவதும் தவறு. பிரேக் தூரம் அதனால் ஒரு அடிகூடக் குறையாது.

4 எல்லுக்கு வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்து, ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலில் வைத்து, லீவரைத் தயங்காமல் ஒரே இழுப்பில் கொண்டுவர வேண்டும். இடையிலுள்ள ‘என்’னில் நின்றுவிட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும், ஆட்டோமேட்டிக்கில் ‘பி’ போட்டாலும் சரிவில் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் இழுக்காமல் லீவரை 4 எல் பக்கம் நகர்த்தாதீர்கள்.

பின் டிஃபரன்ஷியல் லாக் (இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) உள்ள வகைகளில் பட்டன் எதுவும் இல்லை. ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றி, இரண்டுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானாகவே ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். புதிதாக ஓட்டுகிறவர் சக்கரம் சுற்றுவதைப் பார்த்ததும் காலை எடுத்துவிடுவார், லாக் விழாது, வண்டி குழியிலேயே நிற்கும். அந்த இடத்தில் ஆக்ஸிலேட்டரைச் சீராக லேசாகக் கூட்டிக் காத்திருக்க வேண்டும். அந்த ‘டக்’ சத்தம் கேட்டதும் ஏதோ உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

பாறைகளில் இன்னொரு பழக்கம் மாற வேண்டும். காரில் கல்லை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விட்டு ஓட்டுவோம். இதில் பின் ஆக்ஸிலில் உருண்டையாகத் தொங்கும் கிரவுன் (டிஃபரன்ஷியல் இருக்கும் கூடு) தான் தாழ்வான இடம், கல் நேராக அதில் அடிக்கும். டயரைக் கல்மேல் ஏற்றுங்கள், கிரவுன் உயர்ந்து தப்பிவிடும். கட்டைவிரலை ஸ்டீயரிங்குக்கு உள்ளே கொடுத்துப் பிடிக்காதீர்கள். சக்கரம் கல்லில் பட்டு ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பினால் விரல் பிசகும்.

மணலுக்கு டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும். கையில் கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். காற்றில்லாமல் தார் ரோட்டில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடாகிக் கிழியும்.

தண்ணீரில் 650 மி.மீ. ஆழம் வரை போகலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. அது நிற்கும் நீருக்குத்தான். ஓடும் நீரில் முழங்கால் உயரமே போதும், வண்டியை நகர்த்திவிடும். நடக்கும் வேகத்தில், கிளட்சைத் தொடாமல் கடந்து, கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காய வையுங்கள். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திருகவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பயணம் முடிந்ததும் கிரவுன் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.

இனிப் பூட்டு. தெருவில் நிறுத்துகிறவர்கள் சாஃப்ட் டாப் (துணிக் கூரை) வகை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு பிளேடு போதும், துணி கிழிந்துவிடும். அதை வாங்கியே தீருவேன் என்றால், தரையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில் சாமானை வையுங்கள். பெட்டியைத் திறந்தால்தான் உள்ளே அந்தப் போல்ட் தெரிய வேண்டும்.

ஸ்டெப்னிக்கும் நான்கு சக்கரங்களுக்கும் தலா ஒரு லாக் நட் (தனிச் சாவியால் மட்டும் கழலும் நட்) போதும். தொல்லை வருவது திருட்டில் மட்டுமல்ல, அந்த நட்டின் சாவியைத் தொலைப்பதிலும்தான். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் கழற்றினால் சாவியின் பற்கள் தேய்ந்துவிடும். லாக் நட்டைக் கையால் கழற்றச் சொல்லுங்கள், கூடவே வந்த குறியீட்டு எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 100 கி.மீ. ஓட்டியதும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். மேடு பள்ளத்தில் இவை சீக்கிரம் தளரும்.

ஜிபிஎஸ் கருவிக்கு ஒயரை வெட்டி ஒட்டாமல் ஃப்யூஸ் வழியாக மின்சாரம் எடுங்கள். வெட்டினால் வாரண்டி தகராறு வரும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் அந்தக் கருவி பேட்டரியையும் குடித்துவிடும். வெளியில் தெரிகிற கியர் லாக் ஒன்றும் சேர்த்துப் போடுங்கள். திருடனுக்கு அதை உடைக்க நேரமாகும் என்பது கண்ணுக்குத் தெரிவதே பாதிப் பாதுகாப்பு.

இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு சேர்த்து எடுங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்த எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கடினம். வண்டி திருடு போனால் இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்பார்கள், இரண்டாவது சாவியை வண்டிக்குள்ளேயே வைப்பவர்கள் கோரிக்கையையே இழக்கலாம். பிறகு மாட்டிய விளக்கு, வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) போன்றவற்றைப் பாலிசியில் தனியாகக் குறிப்பிட வேண்டும். முன்னால் இரும்பு கிராஷ் கார்டு போடாதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லிவிட்டது. பாதசாரிக்கு ஆபத்து, ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் அதனால் மாறிவிடும்.

பின்னால் ஏற்றும் கம்ப்ரஸர், ஜாக், ஷேக்கிள் (இழுவைக் கயிறு மாட்டும் இரும்பு வளையம்) எல்லாவற்றையும் ராட்செட் பட்டையால் தரையோடு கட்டுங்கள். சீட்டை மடித்து வைத்தால் ஓட்டுநரின் தலைக்கும் சாமானுக்கும் நடுவே தடுப்பு ஒன்றும் இல்லை.