ஏசி ஹாலில் நின்ற ஷால், தோவாளைக் காற்றில் நிற்கவில்லை

நோன்புக்குப் பத்து நாள் முன்னால் நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஹிஜாப் கண்காட்சி போட்டிருந்தார்கள். 'இறக்குமதி மோடல் ஷால், ஒன்று 550 ரூபாய்' என்று வாசலிலேயே பெரிய போர்டு. எனக்கு மூன்று, உம்மாவுக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று என ஆறு எடுத்தேன். கூடவே ஊசிக்குப் பதில் ஒட்டுகிற காந்தம் மூன்று ஜோடி. காந்தத்தோடு சேர்த்து 3,660 ரூபாய். கடையில்கூட இவ்வளவு கொடுத்து வாங்கியதில்லை, கண்காட்சியில் கொடுத்தேன்.

விற்ற பெண் கெட்டிக்காரி. கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, ஒரு நிமிடத்தில் என் தலையில் அழகாகச் சுற்றி, தாடைக்குக் கீழே காந்தத்தை 'டக்' என்று ஒட்டினாள். "பாருங்க அக்கா, தலையை ஆட்டுங்க, அசையவே அசையாது." ஆட்டினேன், அசையவில்லை. ஏசி ஹாலில் எது அசையும்?

ஜூனில் பள்ளி திறந்தது. எனக்கு இடலாக்குடியிலிருந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் தினமும் போக வேண்டும். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு நடுவிலுள்ள கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு பாயும், முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதனால்தான். வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனேன். தோவாளை தாண்டியதும் பக்கவாட்டில் ஒரு வீச்சு. காந்தம் எப்போது கழன்றதோ தெரியாது. வழுக்குத் துணி ஹெல்மெட்டுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு பின்னால் பறந்தது, அடுத்த நொடி கழுத்தில் யாரோ பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு. நான் கத்தியதில் அவர் பிரேக்கை அழுத்தினார். ஷாலின் முனை பின்சக்கரக் கம்பியில் சுற்றியிருந்தது. மெதுவாகப் போனதால் நான் விழவில்லை. கழுத்தில் சிவப்புக் கோடு இரண்டு நாள் இருந்தது. உள்ளே பருத்தித் தொப்பி போட்டிருந்ததால் தலை மட்டும் மறைந்தே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நம்ம பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த பைக் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்சக்கரத்துக்குச் சேலை தடுப்பு இல்லை, முன்னால் வைத்திருந்தவர் அழகுக்காகக் கழற்றிவிட்டார். சக்கரத்தில் பாதியாவது மறைகிற தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. மறுநாளே மாட்டினோம்.

அன்று சாயங்காலம்தான் டேப் எடுத்து அளந்தேன். லேபிளில் 180-க்கு 75 சென்டிமீட்டர் என்றிருந்தது, கையில் இருந்தது 160-க்கு 65. கழுத்தைச் சுற்றி உள்ளே சொருக மிச்சமே இல்லாத நீளம். உம்மா துணியை இரண்டு விரலால் தடவிவிட்டு, "எட்டி, இதுல ஒரு சொட்டுத் தண்ணிய விட்டுப் பாத்தியா?" என்றாள். விட்டேன். முத்து மாதிரி உருண்டு நின்றது. மோடல் என்பது மரக்கூழிலிருந்து எடுக்கிற இழை, தண்ணீரை உடனே குடிக்கும், வேர்வையையும் அப்படித்தான். ஓரத்திலிருந்து ஒரு நூல் உருவி, கழுவும் தொட்டியில் வைத்துக் கொளுத்தினேன். மோடலோ பருத்தியோ என்றால் காகிதம் மாதிரி எரிந்து தூளாகச் சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, கறுப்பு மணியாக இறுகியது. சுத்தமான பாலியஸ்டர். அடுத்த தெருக் கடையில் 150 ரூபாய்க்குக் கிடைப்பது.

காந்தம் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவே வீண். மாமிக்குப் போன வருடம் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறோம், இடது காறை எலும்புக்குக் கீழே. ஷாலின் காந்தம் ஒட்டுவதும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். நர்சாக இருக்கும் மச்சினி பார்த்துவிட்டு, கையோடு பிடுங்கி எடுத்தாள். பலமான காந்தம் பக்கத்தில் வந்தால் பேஸ்மேக்கர் வேலை செய்கிற விதமே மாறும், குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டுமாம். விற்றவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதை நினைத்தால்தான் இன்னும் கை நடுங்குகிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டிலும் இதை வைக்காதீர்கள். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டும் குடலை ஓட்டை போட்டுவிடும்.

விற்றவளுக்குப் போன் செய்தேன். "கட்டத் தெரியாம கட்டியிருப்பீங்க அக்கா" என்றாள். பாலியஸ்டரைப் பற்றிக் கேட்டதும் லைன் துண்டித்தது, அப்புறம் அந்த நம்பரே இல்லை. பில்லைத் தேடி எடுத்தால், மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு சீட்டு. கடைப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் எதுவும் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், தமிழிலேயே கேட்டார்கள். 2019-ஆம் வருட நுகர்வோர் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வியாபாரம். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதில்தான் வரும். நான் கட்டிப் பார்த்ததோ மூன்று மாதம் கழித்து. அதை விடுங்கள், எதிராளி முகவரி இல்லாமல் யார் மேல் புகார் கொடுப்பது? எஸ்டிமேட் சீட்டை நீட்டினால் காசு கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.

இப்போது எப்படிப் போகிறேன் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். பள்ளிக்குத் தக்கலைத் தையல்காரரிடம் தைத்த பருத்தி மக்கனாதான், அதாவது தலையோடு மாட்டிக்கொள்கிற முக்காடு, உம்மும்மா காலத்து மாதிரி. முகத்தைச் சுற்றி எலாஸ்டிக், ஊசியும் வேண்டாம், காந்தமும் வேண்டாம். ஷால் போடுகிற நாளில் பருத்தித் தொப்பி, தாடைக்குக் கீழே மூடிய ஊக்கு ஒன்று, இரண்டு முனையும் பர்தாவுக்குள். கொண்டையைப் பிடரிக்கு இறக்கினால் ஹெல்மெட் சரியாக உட்காரும். ஹெல்மெட்டிலிருந்து சட்டம் விலக்கு கொடுத்திருப்பது தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு, முக்காட்டுக்கு இல்லை. குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஷால் சுற்றுகிற பழக்கத்தையும் விட்டேன். தும்மினால் நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று மச்சினி சொன்னாள்.

போன வாரம் தக்கலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் அதே டிசைனில் ஒரு போர்டு பார்த்தேன். பெயர் வேறு, 550 ரூபாய் அதேதான். போகிறவர்கள் டேப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துப் போங்கள். ஆறு ஷாலில் ஒன்று சக்கரத்தோடு போயிற்று, இரண்டைக் கொண்டு வீட்டுக்காரர் பைக் துடைக்கிறார், மூன்று பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.