ஃபொசாபப்64 9.5: மேலதிக மென்பொருளை நிறுவ முயன்றவரின் மதிப்புரை

நோர்வூட்டுக்கு மேலேயுள்ள எங்கள் தோட்ட வாசிகசாலைக்கு, கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஐந்து கணினிகள் கடந்த ஆண்டு வந்து சேர்ந்தன. எதிலும் 2 ஜிபிக்கு மேல் நினைவகம் இல்லை. இரண்டில் வன்தட்டே இல்லை. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இவற்றை எப்படியாவது உதவச் செய்ய வேண்டும் என்று தேடியபோது கிடைத்ததுதான் பழைய கணினிகளிலும் ஓடக்கூடிய சிறிய இயங்குதளமான பப்பி லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஃபொசாபப்64 9.5. பப்பியை 2003-இல் தொடங்கியவர் அவுஸ்திரேலியரான பாரி கௌலர். 2020-இல் வெளிவந்த இந்தப் பதிப்பு, உபுண்டு என்ற பெரிய லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்பிலுள்ள பொதிகளிலிருந்து (நிறுவத் தயாரான மென்பொருள் கோப்புகளிலிருந்து) கட்டப்பட்டது. சுமார் 400 எம்பி அளவுள்ள கோப்பைப் பென் டிரைவில் ஏற்றிக் கணினியை இயக்கினால், முழு இயங்குதளமும் நினைவகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. வந்தபடியே பயன்படுத்துவோர் இதற்கு மேல் வாசிக்க வேண்டியதும் இல்லை. சிக்கல் தொடங்குவது நமக்கு வேண்டிய ஒன்றைப் புதிதாகச் சேர்க்க முயலும்போதுதான்.

பொதிகளை இறக்கிக்கொள்ளப் பப்பிக்கென்றே உள்ள இணையக் களஞ்சியம் சிறியது. அதன் பொதி மேலாளர் உபுண்டுவின் களஞ்சியத்தையும் எட்டிப் பார்ப்பதால், பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயர்கள் தெரிகின்றன. ஆனால் பட்டியலில் தெரிவதெல்லாம் ஓடும் என்று நம்பிவிடக்கூடாது. அளவைக் குறைப்பதற்காகப் பப்பியை உருவாக்குவோர், மென்பொருள்கள் பொதுவில் பயன்படுத்தும் துணைக் கோப்புகளான நூலகங்கள் பலவற்றைச் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். ஒரு மென்பொருள் ஓட வேறு எவை வேண்டும் என்ற சார்புகளைக் கணக்கிடும்போது மேலாளர் இதைச் சில வேளைகளில் கவனிப்பதில்லை. நான் நிறுவிய ஒரு படத்தொகுப்பு மென்பொருள், ஏற்கெனவே இருந்த நூலகம் ஒன்றின் மீது வேறு பதிப்பை எழுதிவிட்டதால், மறுமுறை இயக்கியபோது மேசைத்தளம் வரவேயில்லை. அடிப்படைக் கோப்பு வாசிக்க மட்டுமே கூடியது என்பதால் அது கெடவில்லை. தொடக்கத் திரையில் 'பிஃபிக்ஸ்=ரேம்' என்ற தெரிவைக் கொடுத்து, நாம் சேர்த்தவையும் மாற்றியவையும் பதிவாகும் சேமிப்புக் கோப்பை ஒதுக்கிவிட்டு இயக்கியதும் எல்லாம் பழையபடி வந்தது. பப்பியில் எல்லாமே ரூட் உரிமையுடன், அதாவது எதையும் மாற்றக்கூடிய முழு அதிகாரத்துடன், ஓடுகிறது என்று அஞ்சுவோருக்கு இந்த ஏற்பாடு ஓரளவு ஆறுதல் தரும்.

சேமிப்புக் கோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பென் டிரைவிலிருந்து ஓடும்போது நாம் நிறுவுவது முதலில் நினைவகத்தில்தான் இருக்கும். அரை மணிக்கொரு முறையும் கணினியை முறையாக அணைக்கும்போதும்தான் அது பென் டிரைவுக்குப் போய்ச் சேரும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு சனிக்கிழமை, டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்து இறக்கிய பொதிகள் அனைத்தும் ஒரு மின்வெட்டில் போயின. "சேர், நேத்து போட்டதெல்லாம் காணோம்" என்று மறுநாள் ஒரு மாணவி சொன்ன பிறகுதான் மேசைத்தளத்திலுள்ள 'சேவ்' பொத்தானின் அருமை எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எதையாவது நிறுவினால், முதல் வேலையாக அந்தப் பொத்தானை அழுத்துகிறோம்.

இத்தனைக்கும் பிறகு இதை நான் கைவிடாததற்குக் காரணம் எஸ்எஃப்எஸ் கோப்புகள். ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய அனைத்தையும் சேர்த்துச் சுருக்கிய ஒற்றைக் கோப்பு அது. அதை நிறுவுவதில்லை, அடிப்படையின் மீது ஓர் அடுக்காக ஏற்றுகிறோம், வேண்டாதபோது இறக்கிவிடுகிறோம். சாதாரண தரப் பாடத்துக்குப் பஸ்கால் மொழி தேவைப்பட்டதால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஃப்ரீ பஸ்கால் தொகுப்பியின் டெப் கோப்புகளை (உபுண்டுவின் பொதிகளை) ஹட்டனில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவினேன். நிரலில் பிழை இருந்தால் தொகுப்பி ஒழுங்காகச் சுட்டிக்காட்டியது. பிழையே இல்லாத நிரலில்தான் 'எல்டி' கிடைக்கவில்லை என்று நின்றுபோனது. தொகுத்த துண்டுகளை இணைத்து இயங்கும் கோப்பாக்கும் இணைப்பி அது. சாதாரண உபுண்டுவில் தொகுப்பியோடு தானாகவே வந்துவிடும் அதை நான் தனியாக இறக்கவில்லை, பப்பியின் அடிப்படையிலும் அது இல்லை. நிரலாக்கக் கருவிகள் அனைத்தையும் டெவ்எக்ஸ் என்ற தனி எஸ்எஃப்எஸ் கோப்பில் வைத்திருக்கிறார்கள். அதை ஏற்றிய அடுத்த நிமிடமே, இரண்டு எண்களைக் கூட்டும் பிள்ளைகளின் முதல் நிரல் ஓடியது. இப்போது பஸ்கால் வகுப்புள்ள நாள்களில் மட்டும் டெவ்எக்ஸை ஏற்றுகிறோம். மற்ற நாள்களில் அந்த நினைவகம் மிச்சம்.

ஒரு மென்பொருளை நிறுவாமலே இயக்கக்கூடிய ஒற்றைக் கோப்புகளான ஆப்இமேஜ்களும் இதே காரணத்துக்காக இங்கே பொருந்துகின்றன. லிப்ரே ஆபீஸின் ஆப்இமேஜைச் சேமிப்புக் கோப்புக்கு வெளியே, பென் டிரைவின் வெற்றிடத்தில் வைத்து, இயக்க அனுமதி கொடுத்தால் போதும். தமிழ் இடைமுகம் வேண்டுவோர் எல்லா மொழிகளும் அடங்கிய 'ஃபுல்' வகையை எடுக்க வேண்டும். ஆனால் புதிதாக வெளிவரும் ஆப்இமேஜ்கள் எல்லாம் இதில் ஓடுவதில்லை. ஏறக்குறைய எல்லா மென்பொருளும் சார்ந்திருக்கும் ஜிலிப்சி நூலகம் உபுண்டு 20.04-இல் 2.31, அதற்குப் பிந்திய பதிப்பை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட ஓவிய மென்பொருள் ஒன்று, 2.34 கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியோடு மூடிக்கொண்டது. அந்த வரியும் முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், இயக்கினால்தான் தெரியும். சுட்டியால் சொடுக்கினால் எதுவுமே நடக்காது.

என்னை அதிகம் அலைக்கழித்தது தமிழ்த் தட்டச்சு. நோட்டோ எழுத்துருவைப் பிரதி செய்து வைத்ததும் தமிழ் ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது. தட்டச்சுக்கு, விசைப்பலகை அமைப்பின் இலங்கைப் பிரிவில் தமிழ்99 ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்த அமைப்பு ஒரு விசைக்கு ஓர் எழுத்தை மட்டுமே தரக்கூடியது என்பதால், தமிழ்99-இன் சிறப்பான தானியங்கிப் புள்ளி (மெய்யெழுத்துக்குத் தானாகவே புள்ளி விழுவது) அதில் வேலை செய்யாது. அதைவிட, இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 நியமம் ஏற்றிருப்பது ரெங்கநாதன் விசைப்பலகையை. பிள்ளைகள் பழக வேண்டியதும் அதுதான். அது பல மொழிகளின் தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தரவுத்தொகுப்பில் இருக்கிறது, அதைப் பயன்படுத்த ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வேண்டும், ஐபஸுக்கு வேறு நான்கைந்து பொதிகள் வேண்டும். மேலாளர் வழியாக அனைத்தையும் நிறுவிய பிறகும் ஐபஸின் அமைப்புச் சாளரம் திறக்கவில்லை. அது பைத்தானில் எழுதப்பட்டது, அதற்குரிய இணைப்பு நூலகம் எங்களிடம் இருக்கவில்லை. அதையும் சேர்த்து, ஐபஸைத் தானாகத் தொடக்கும் சிறு கட்டளைக் கோப்பொன்றை 'ஸ்டார்ட்அப்' கோப்புறையில் வைத்து முடிக்க இரண்டு வார இறுதிகள் ஆயின. தமிழில் எழுத விரும்பும் ஒருவருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பதே என் எண்ணம். யாராவது இதையெல்லாம் ஒரே எஸ்எஃப்எஸ் கோப்பாகக் கட்டிவைத்தால் பெரிய உபகாரமாக இருக்கும்.

உபுண்டு 20.04-க்கான பொது ஆதரவு 2025-இல் முடிந்துவிட்டதால், இணையத்தோடு நாள் முழுதும் இணைந்திருக்கும் கணினிக்கு ஃபொசாபப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். அப்படிப்பட்டவர்கள் டெபியன் என்ற மற்றொரு லினக்ஸின் 12-ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட பப்பியான புக்வேர்ம்பப்64-ஐப் பார்க்கலாம். அதில் பொதிகளைச் சார்புகளோடு சேர்த்து நிறுவும் ஆப்ட் கட்டளையும் சினாப்டிக் என்ற மென்பொருளும் இருக்கின்றன, ஜிலிப்சியும் 2.36, சார்புகளை நாமே தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் ஐந்து கணினிகளில் இணையம் உள்ளது ஒன்றில் மட்டும்தான். அதை புக்வேர்முக்கு மாற்றிவிட்டேன். மற்ற நான்கும் ஃபொசாவிலேயே ஓடுகின்றன. ரெங்கநாதன் விசைப்பலகை அமைந்த சேமிப்புக் கோப்பை நான்கு பென் டிரைவ்களுக்கும் பிரதி செய்ததோடு, எதுவுமே நிறுவாத வெறும் பப்பி ஒன்றை ஐந்தாவது பென் டிரைவில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.