பெயரை மறைத்து ஆடினால் ஆட்டம் நியாயமாகுமா? அநாமதேய மோடு பற்றிய பயன்பாட்டு அனுபவம்

கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சில எதிரிகளை மற்றவர்கள் பேசி, வோட் போட்டுக் கண்டுபிடிக்கும் ஆட்டங்கள் உண்டு. மாஃபியா, வேர்வுல்ஃப், அமாங் அஸ், டவுன் ஆஃப் சேலம் என அதில் எந்த ஆட்டமாக இருந்தாலும், ஒரே கும்பல் இருபது முப்பது தடவை சேர்ந்து ஆடிவிட்டால் ஒரு வியாதி தொற்றிக்கொள்ளும். நன்றாகப் பொய் சொல்வார் என்று பெயர் வாங்கியவரை முதல் நாளே வோட் போட்டு வெளியேற்றிவிடுவார்கள். நன்றாகத் துப்பறிவார் என்று பெயர் வாங்கியவரை மாஃபியா, அதாவது ஒளிந்திருந்து இரவில் கொல்லும் அணி, முதல் இரவிலேயே தீர்த்துவிடும். திறமைக்குக் கிடைக்கும் பரிசு, மீதி ஆட்டத்தை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது.

அநாமதேய மோடு இதற்கு வந்த மருந்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லோருக்கும் தற்காலிகப் பெயர், ஆட்டம் முடிந்ததும் யார் யார் என்ற பட்டியல். டவுன் ஆஃப் சேலத்தில் ஏறக்குறைய இதுதான் இயல்பான முறை: தொடக்கத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள், கணக்குப் பெயர் கடைசியில்தான் தெரியவரும். நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது இது: முதல் நாள் பலி, முதல் இரவுக் கொலை என்ற அந்த வியாதி உண்மையிலேயே குணமாகிறது. ஆனால் தனி ஆளுக்குக் கிடைக்கும் நியாயம் வேறு, இரண்டு அணிகளுக்கு இடையிலான நியாயம் வேறு. இரண்டாவதை இந்த மோடு கெடுக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 7 பேர், அதில் 2 மாஃபியா, சிறப்பு ரோல் எதுவும் இல்லை, ஆட்டம் பகலில் தொடங்குகிறது என்று வையுங்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வோட் போட்டால் டவுன், அதாவது மாஃபியா அல்லாத மற்றவர்கள், ஜெயிக்கும் வாய்ப்பு 105-க்கு 24, அதாவது சுமார் 23%. முதல் வோட் மாஃபியா மேல் விழுந்தால் அது 47% ஆகிறது; டவுன் ஆள் மேல் விழுந்தால் 13% ஆகச் சரிகிறது. பேர்போன பொய்யரை வழக்கமாக முதலில் தூக்குவதால் இந்த எண்கள் மாறுவதில்லை. அவர் மாஃபியாவாக இருக்கும் வாய்ப்பும் மற்றவர்களைப் போல 7-க்கு 2 தான். ஆக, அந்தப் பழக்கம் அணிக்குப் பெரிய நஷ்டம் இல்லை, அந்த ஒரு மனிதருக்குத்தான் அநியாயம். அந்த அநியாயத்தை அநாமதேயம் நீக்குகிறது.

23%-ஐ மேலே இழுப்பது தகவல். 1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் டிமிட்ரி டாவிடாஃப் உருவாக்கிய மாஃபியா, வட்டமாக உட்கார்ந்து முகம் பார்த்து ஆடும் ஆட்டம். இணையத்துக்கு வந்தபோது முகம் போனது. அந்த இடத்தில் பெயர் வந்து உட்கார்ந்தது. “இவர் டவுனாக இருந்தால் முதல் நாளே நாலு கேள்வி கேட்பார், இன்று ஏன் அமைதி?” என்று, ஒருவரின் பழைய ஆட்டப் பழக்கத்தை வைத்து ஊகிப்பதுதான் மெட்டா. பெயரை மறைத்தால் மெட்டா போகும். மாஃபியாவுக்கு இதில் இழப்பு குறைவு: கூட்டாளி யார் என்று அவர்களுக்கு முன்பே தெரியும், இரவில் யாரைக் கொல்வது என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஒன்றும் தெரியாத டவுனுக்கோ இருந்த ஒரு பிடியும் நழுவுகிறது.

இதைச் சரிக்கட்ட ஒரு மாஃபியாவைக் குறைக்கலாமே என்று ஆட்டத்தை நடத்தும் ஹோஸ்ட்கள் முதலில் நினைப்பார்கள். வேண்டாம். அதே 7 பேரில் 1 மாஃபியா என்றால், கண்மூடி வோட் போட்டாலே டவுனுக்கு 54%. கொஞ்சம் யோசித்து ஆடினால் ஒருதலையாகிவிடும். மாஃபியா எண்ணிக்கையைத் தொடாமல் இரவில் ஒருவரைக் காப்பாற்றும் டாக்டரையோ, ஒருவர் எந்தப் பக்கம் என்று சோதிக்கும் டிடெக்டிவையோ சேர்ப்பது மென்மையான திருத்தம்.

இனி, பெயர் எங்கெங்கே கசிகிறது என்பது. இந்த மோடு சொதப்பும் இடம் பெரும்பாலும் இதுதான்.

முதல் ஓட்டை வரிசை. ஆட்டத்துக்கு முன் எல்லோரும் கூடும் லாபிக்குள் நுழைந்த வரிசையிலேயே தற்காலிகப் பெயர்களும் பட்டியலில் நின்றால், மூன்றாவதாக வந்தவர் யார் என்று பார்த்து வைத்தவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். பெயரை ஒதுக்கிய பிறகு இருக்கை வரிசையைத் தனியாக ஒருமுறை கலைக்க வேண்டும். பெயர்த் தொகுப்பு ஆட்களைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்: 10 பேருக்கு 20 பெயர். இல்லாவிட்டால் நாலு ஆட்டத்தில் “அந்தப் பெயர் அவருக்குத்தான் வரும்” என்ற பிரமை தொடங்கும். ஆட்களே பெயர் வைத்துக்கொள்ள விடுவதும் தவறு. பழக்கப்பட்ட ஜோக்கை எப்படியாவது நுழைத்துவிடுவார்கள்.

அடுத்தது அலங்காரம். அமாங் அஸ்ஸில் பெயரை மாற்றிக்கொண்டு அதே தொப்பி, அதே செல்லப்பிராணியோடு வருபவர் எதையும் மறைக்கவில்லை. அநாமதேயம் வேண்டுமென்றால் எல்லோரும் எந்த அலங்காரமும் இல்லாத உருவத்தோடு வர வேண்டும். நிறமும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற வேண்டும்.

மூன்றாவதை முழுதாக அடைக்கவே முடியாது: எழுத்து நடை. ஒருவர் தமிழிலேயே தட்டச்சு செய்வார், இன்னொருவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார், ஒருவருக்கு வாக்கியத்துக்கு மூன்று புள்ளி, ஒருவருக்கு எல்லா வரியும் “ப்ரோ”வில் முடியும். எல்லோரும் ஒரே எழுத்துமுறை என்று விதி வைத்தால் பாதி கசிவு நிற்கும். “தட்டச்சு செய்கிறார்” என்ற அறிகுறியை அணைப்பது, செய்தியை 3 முதல் 5 வினாடி தாமதித்து வெளியிடுவது இரண்டும் வேகத்தை மறைக்கும். மீதிப் பாதியை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். வேண்டுமென்றே இன்னொருவர் நடையில் எழுதி ஆள்மாறாட்டம் செய்வதும் உண்டு. சிலர் இதை ஏமாற்று என்பார்கள். பொய் சொல்வதே வேலையான ஆட்டத்தில் இது நல்ல ஆட்டம்தான்.

எட்டுப் பேருக்குக் குறைந்து, அதுவும் எல்லோரும் பழகியவர்கள் என்றால், இரண்டாம் பகலுக்குள் பாதிப் பேரை அடையாளம் கண்டுவிடுகிறார்கள். அந்த அளவில் இந்த மோடுக்குச் செலவிடும் உழைப்பு வீண்.

அநாமதேய வோட்டை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அமாங் அஸ்ஸில் அந்த அமைப்பைப் போட்டால், யார் யாருக்கு வோட் போட்டார்கள் என்பது சாம்பல் நிறத்தில் மறைந்துவிடும். மனிதரின் பெயரை மறைப்பது முன்முடிவை நீக்கும்; வோட்டை மறைப்பது ஆதாரத்தையே நீக்கும். யாரும் பின்னால் திருத்த முடியாத ஒரே சாட்சி வோட் வரலாறுதான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இம்போஸ்டருக்கு (அமாங் அஸ்ஸில் ஒளிந்திருக்கும் கொலையாளிக்கு) கொண்டாட்டம். பெயர் மறைந்திருக்கும் ஆட்டத்தில் வோட் கட்டாயம் திறந்திருக்க வேண்டும்.

நண்பர்கள் இருவர் வெளியே டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பேசிக்கொண்டு ஆடுவதை எந்த மோடும் தடுக்காது. அநாமதேயத்தில் அது கூடுதல் ஆபத்து. பெயர் தெரிந்த ஆட்டத்தில் “இந்த இரண்டு பேரும் எப்போதும் ஒரே பக்கம்” என்று மற்றவர்கள் உஷாராக இருப்பார்கள். பெயர் மறைந்ததும் அந்த உஷாருக்கு வழியில்லை. ஒரே ஜோடி ஆட்டத்துக்கு ஆட்டம் ஒன்றாக வோட் போடுகிறதா என்று ஹோஸ்ட் கடைசிப் பட்டியலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கெட்ட வார்த்தை, பாதியில் ஓடிப்போவது இரண்டும் முகமூடியில் கூடும் என்று பயப்படுவார்கள். ஆட்டம் முடிந்ததும் உண்மைப் பெயர் வெளியாகும் என்று முன்பே சொல்லிவிட்டால் அது பெரிதாக வளர்வதில்லை. வெளியாகாத இடத்தில் வளர்கிறது. ஓடிப்போனவருக்குப் பதில் வருபவருக்கு அதே தற்காலிகப் பெயரையே கொடுக்க வேண்டும். புதுப் பெயர் கொடுத்தால் அதுவரை நடந்த பேச்சும் வோட்டும் யாருடையது என்று புரியாமல் ஆட்டம் அங்கேயே குலைந்துவிடும். இணைப்பு அறுந்த அறிவிப்பில் கணக்குப் பெயர் காட்டப்படுகிறதா என்பதைச் சோதனை ஆட்டம் ஒன்றில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். கவனிக்காமல் விடப்படும் ஓட்டை அது.