மீன் குளம் புதுப்பித்த அனுபவம்: அடிவடிகாலுக்கு முழு மதிப்பெண், மற்றவற்றுக்கு எவ்வளவு?

வீட்டின் பின்புறம் உள்ள மீன் குளத்தைப் பராமரிக்க முடியாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இன்னும் பெரிய ஃபில்டர். பழைய குளத்தை மொத்தமாகப் பிரித்துப் புதிதாகக் கட்டி, வெயிலிலும் மழையிலும் இலை உதிரும் காலத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பணம் முதலில் போக வேண்டியது குளத்தின் தரைக்கு. அழுக்கு மக்கி நீரில் கரைவதற்கு முன்பே வெளியே போய்விட்டால் ஃபில்டருக்குப் பாதி வேலை கிடையாது, நமக்கும்தான்.

பழைய குளத்தின் தரை முழுக்கக் கூழாங்கல். பார்க்க அழகு, ஆனால் மீன் கழிவும் இலையும் கல்லிடுக்கில் போய் உட்கார்ந்து, காற்றுப் படாமல் அழுகி, கொஞ்சம் கிளறினாலே அழுகிய முட்டை வாடை வரும். அந்த வாடை ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு விஷம். அந்தச் சகதிக்கு நடுவே ஒரு நீர்மூழ்கி மோட்டார், கரையில் ஸ்பாஞ்ச் அடைத்த ஒரு பெட்டி ஃபில்டர். ஸ்பாஞ்சைக் கழுவிப் போட்டு நிமிர்வதற்குள் மறுபடி அடைத்துக்கொள்ளும். இந்த மூன்றையும் தூக்கிப் போட்டேன்.

அடிவடிகால், அதாவது குளத்தின் தரையில் பதித்து அடியில் சேரும் அழுக்கை நீரோடு வெளியே இழுக்கும் வாய், அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நான் வாங்கியது குடை போன்ற மூடி உள்ள 4 அங்குல வகை. மூடிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும், எல்லாப் பக்கத்திலிருந்தும் தரையை ஒட்டி நீர் அதற்குள் இழுபடும், கழிவும் கூடவே போகும். தரையை நாலாபுறமும் வடிகாலை நோக்கிச் சரிவாக அமைப்பது அவசியம், தட்டைத் தரையில் இதை வைத்தால் மூலைகளில் சேறு நின்றுவிடும். 4 அங்குலக் குழாயில் ஈர்ப்பு விசையால் மட்டும் மணிக்குச் சுமார் 10,000 லிட்டர் போகும். அதைவிட ரொம்பக் குறைவாக ஓட்டினால் கழிவு குழாய்க்குள்ளேயே படிந்துவிடும், அதனால் மோட்டார் வாங்கும்போது மின்சாரம் மிச்சம் என்று சின்னதாக எடுக்காதீர்கள். லைனரும் (நீர் மண்ணில் இறங்காமல் குளம் முழுக்க விரிக்கும் ஷீட்) வடிகாலும் சேரும் வளையம்தான் கவனிக்க வேண்டிய இடம். இரண்டு பரப்பையும் நன்றாகத் துடைத்து, குளத்துக்கு உகந்த சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். அங்கே கசிந்தால் குளத்தைக் காலி செய்யாமல் சரி செய்ய வழியில்லை. கூட வந்த திருகுகள் துருப்பிடிக்காத எஃகு, வளையமும் கனமானது, பொருளில் குறையே இல்லை. செய்முறைத் தாளில் வெறும் படங்கள்தான், அது ஒன்றுதான் மனத்தாங்கல்.

குழாய் பதிக்க வந்த குழு மண் வேலையைச் சுத்தமாகச் செய்தது. ஆனால் வளைவு வரும் இடத்தில் எல்லாம் 90 டிகிரி எல்போ போடப் பார்த்தார்கள், விட்டிருந்தால் அடைப்பு அங்கேதான் வந்திருக்கும். இரண்டு 45 டிகிரி போடச் சொல்லி நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஃபில்டருக்கு முன்னால் வால்வே வேண்டாம் என்றும் சொன்னார்கள். வால்வு இல்லாமல் ஃபில்டரை எப்படிக் கழற்றுவது? இந்த இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பதால் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினாலே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும், அதில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

லைனருக்கு வருவோம். 1 மில்லிமீட்டர் ஈபிடிஎம் ரப்பர். பிவிசி விலை குறைவு, ஆனால் வெயில் பட்டுப் பட்டு விறைத்துப் பிறகு வெடிக்கும், ஈபிடிஎம் குளிரிலும் துவண்டே இருக்கும். கூரைக்குப் போடும் ரப்பர் ஷீட்டும் பார்வைக்கு இதே மாதிரிதான், ஆனால் சிலவற்றில் மீனுக்கு ஆகாத ரசாயனம் சேர்ந்திருக்கும், மீனுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லும் ஷீட்டை மட்டும் எடுங்கள். அளவு கணக்கு எளிது: நீளத்தோடு ஆழத்தின் இரண்டு மடங்கையும் ஒவ்வொரு கரைக்கும் 30 சென்டிமீட்டரையும் கூட்டுங்கள், அகலத்துக்கும் அப்படியே. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 6க்கு 5 மீட்டர் ஷீட். அதை ஒருவர் தனியாக விரிக்க முடியாது, ஆள் வேண்டும். அடியில் கனமான துணி விரிப்பு போடாமல் விரிக்காதீர்கள். மூலை மடிப்புகளில் அழுக்கு சேர்வது மட்டும் இதில் எனக்குப் பிடிக்காதது, சதுரக் குளம் என்றால் அளவுக்கு ஒட்டிக் கொடுக்கும் பெட்டி வடிவ லைனர் நல்லது.

மேலே மிதக்கும் இலையை இழுத்துக் கூடையில் பிடிக்கும் ஸ்கிம்மர் நல்ல பொருள்தான், ஆனால் நீர்மட்டத்துக்கு அடிமை. காற்று இலைகளை எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ அந்தக் கரையில் வைத்தால் மேற்பரப்பு பளிச்சென்று இருக்கும், கூடையை எடுத்துக் கொட்டினால் வேலை முடிந்தது. வெயிலில் நீர் வற்றி மட்டம் இறங்கினால் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும், அதோடு இணைந்த மோட்டாருக்கு அது ஆபத்து. மிதவை வால்வு வைத்துத் தானாக நிரப்பலாம் என்று தோன்றும், ஆனால் அது மாட்டிக்கொண்டு குளோரின் கலந்த குழாய் நீர் கட்டுப்பாடில்லாமல் வந்தால் மீனும் போகும், ஃபில்டர் பாக்டீரியாவும் போகும். நான் கையால்தான் நிரப்புகிறேன், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போட்டு.

டிரம் ஃபில்டர்தான் இருப்பதிலேயே விலை அதிகம். சுமார் 60 மைக்ரான் வலை சுற்றிய உருளை அது. வலை அடைத்ததும் உள்ளே நீர்மட்டம் மாறும், சென்சார் அதைக் கண்டு உருளையைச் சுழற்றி நீர் பீய்ச்சிக் கழுவிவிடும். ஸ்பாஞ்ச் பிழிந்த கைகளுக்கு இது பெரிய விடுதலை. குறைகளும் உண்டு. கழுவும்போது சத்தம் வரும், படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். கடின நீர் என்றால் பீய்ச்சும் துளைகள் அடைக்கும், அவ்வப்போது வினிகரில் ஊறப் போட்டு எடுக்க வேண்டும். ஈர்ப்பு விசையில் ஓடும் வகையைக் குளத்தின் நீர்மட்டத்துக்குச் சரியாகப் பொருத்த வேண்டும், கொஞ்சம் தப்பினாலும் சென்சார் குழம்பும்.

டிரம் திடக் கழிவை மட்டுமே எடுக்கும் என்பதைக் கடைக்காரர்கள் அழுத்திச் சொல்வதில்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியா, அதற்குத் தனியாக ஒரு தொட்டி வேண்டும். நான் சின்னப் பிளாஸ்டிக் சக்கரங்கள் காற்றுக் குமிழியில் உருளும் வகையை எடுத்தேன். இதில் கழுவும் வேலையே இல்லை. ஆனால் புதுத் தொட்டியில் பாக்டீரியா முழுதாக வளர 4 முதல் 6 வாரம் ஆகும், வெளியே குளிராக இருந்தால் இன்னும் கூட ஆகும். அதுவரை தீவனத்தைக் குறைத்து அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுக் குளம் கட்டி மீனை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் இழக்கிறார்கள், அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்சைத் தூக்கி எறியாமல், வேலை நடக்கும்போது மீன்கள் இருக்கும் தற்காலிகத் தொட்டியிலேயே காற்று ஓட்டத்தோடு வைத்து, பிறகு புதுத் தொட்டிக்கு மாற்றினால் பாக்டீரியா சீக்கிரம் பிடிக்கும். அந்தத் தற்காலிகத் தொட்டிக்குக் குளத்து நீரையே ஊற்றி மேலே வலை கட்டுங்கள், பயந்த மீன் துள்ளி வெளியே விழும்.

தன் வழியே ஓடும் நீரில் உள்ள பாசியைப் புற ஊதா ஒளியால் கொல்லும் யூவி விளக்கு சொன்னதைச் செய்தது. பச்சைத் தண்ணீர் தெளிந்துவிட்டது. நூல் நூலாகச் சுவரில் பிடிக்கும் பாசிக்கு இது உதவாது, அது விளக்கின் பக்கம் வருவதே இல்லை. பல்பு எரிவதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள், ஏறக்குறைய 9,000 மணி நேரத்தில், அதாவது விடாமல் எரித்தால் ஒரு வருடத்தில், நீல வெளிச்சம் இருந்தாலும் சக்தி இறங்கியிருக்கும். பாசிக்கொல்லி மருந்துகளை நான் தொடுவதில்லை. மொத்தப் பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், வெந்நீராய்க் கிடக்கும் கோடையில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அதே காரணத்துக்காகத்தான் காற்றுப் பம்பை இரவிலும் நிறுத்துவதில்லை.

இப்போது எனக்கு மிச்சம் உள்ள வேலை கூடையைக் கொட்டுவது, வடிகால் வால்வைச் சட்டென்று திறந்து குழாயில் தங்கியதை வெளியேற்றுவது, நீரைச் சோதிப்பது, கொஞ்சம் நீர் மாற்றுவது. நாலைந்து தங்கமீன் மட்டும் உள்ள சின்னக் குளத்துக்கு டிரம் தேவையில்லை, அடிவடிகாலும் பிரஷ் அடுக்கிய ஒரு படிவுத் தொட்டியும் போதும். கோய் (பெரிதாக வளரும் அலங்காரக் கெண்டை) வளர்ப்பவர்கள் டிரம்முக்குப் பணம் சேர்த்து வையுங்கள், ஆனால் வாங்கும் முன்பே அந்த வலையும் சென்சாரும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் வேறு கடை பாருங்கள்.