“நல்ல வடிவாயிருக்கு” போதுமா? விடுதித் தளத்துக்குக் கருத்துக் கேட்கும் வழிகள் – ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் பழைய நாற்சார் வீட்டைத் திருத்தி நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் இப்போது பலர். நல்லூர், கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் ஒழுங்கைகளுக்குள் திரும்பினால் அங்கங்கே ஒரு பெயர்ப்பலகை தெரிகிறது. புக்கிங் டொட் கொம் போன்ற இணைய அறைப் பதிவு நிறுவனங்களுக்கு 15 சதவீதம் அளவில் கமிஷன் போவதால், பலர் சொந்தமாக ஓர் இணையத்தளமும் வைத்திருக்கிறார்கள். நாலைந்து வருடத்தில் அது பழசாகிவிடும். யாராவது ஒரு தம்பியைப் பிடித்துப் புதிதாகச் செய்விப்பார்கள். பெரிய படங்கள், புது நிறம், மேலே ஒரு பதிவுப் பட்டன். சரி, இது முன்னையதைவிட நல்லதா? அதை எப்படி அறிவது என்பதில் ஆளுக்கொரு வழி.

இப்படியான தளங்களைச் செய்து கொடுப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளம் எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிட, ஓர் ஆள் அதில் அறை எடுக்கப் படும் பாட்டைப் பார்ப்பது மேல். கீழே ஒவ்வொரு வழியையும் நான்கு அறை உள்ள, மாதம் ஒரு 300 பேர் வந்து பார்க்கிற தளத்தை மனதில் வைத்து எடைபோடுகிறேன். கொழும்பில் 200 அறை ஹோட்டல் நடத்துபவருக்குக் கணக்கு வேறு.

குடும்ப வட்ஸ்அப் குழு

எல்லோரும் முதலில் போவது இங்கேதான். இணைப்பைப் போட்ட ஐந்தாவது நிமிடம் ஸ்காபரோவிலிருந்து சித்தப்பா கட்டைவிரலைத் தூக்குவார். லண்டன் மச்சாள் “நல்ல வடிவாயிருக்கு” என்பார். பிறகு லோகோவின் சிவப்பு கூடிவிட்டதா, படலைப் படத்தில் அப்பப்பாவின் பெயர் தெரிய வேண்டாமா என்று இரவு வரைக்கும் கதை நடக்கும். பதிவுப் பட்டனை அழுத்திப் பார்த்தவர் அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டை அவர்களுக்குத் தெரியும். எந்த ஒழுங்கையால் வர வேண்டும், எந்த அறைக்கு வெயில் அடிக்கும் என்பதெல்லாம் தெரிந்தவருக்குத் தளத்தில் அந்தத் தகவல் இல்லாதது கண்ணில் படாது. மனம் நோகச் சொல்லவும் விரும்பமாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தக் குழுவை அடிக்க ஆளில்லை: ஊர்த் தகவல் பிழை. கசூரினா கடற்கரை பத்து நிமிடத் தூரம் என்று எழுதியிருந்தால், காரைநகரில் பிறந்த யாராவது அடுத்த நொடியே பிடித்துவிடுவார். நயினாதீவும் நெடுந்தீவும் சுற்றிப் பார்க்கலாம் என்று மட்டும் போட்டுவிட்டு, குறிகட்டுவானுக்குப் போய் அங்கிருந்துதான் படகு எடுக்க வேண்டும் என்பதை விட்டிருந்தாலும் சொல்வார்கள். ஆகவே குழுவில் “எப்படி இருக்கு?” என்று கேட்காமல், “ஊர் விவரத்தில் என்ன பிழை?” என்று கேட்டால் பலன் கிடைக்கும்.

படிவம், நிபுணர், வேகம்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பழைய விருந்தினருக்குக் கூகுள் படிவம் அனுப்பி ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டால், பதில் போடுகிறவர் மரியாதைக்கு நாலோ ஐந்தோ போடுவார். அதை வைத்து எந்தப் பக்கத்தையும் திருத்த முடியாது. படிவத்தை விட்டுவிட்டு, புதிதாகப் பதிவு செய்தவருக்கு அனுப்பும் உறுதிச் செய்தியின் கீழே ஒரே ஒரு கேள்வி சேர்க்கலாம்: “பதிவு செய்யமுதல் எது உங்களை யோசிக்க வைத்தது?” இதற்கு வரும் ஒற்றை வரிப் பதில்கள் நட்சத்திரங்களைவிடப் பெறுமதியானவை.

காசு கொடுத்து ஒரு வடிவமைப்பு நிபுணரிடம் காட்டுவது பிழையில்லை. தளங்களைப் பாவிக்க எளிதா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1994-இல் வகுத்த பத்துப் பொது விதிகள் போல எதையாவது கையில் வைத்துப் பார்த்துத் தருவார்கள். பொதுவான குறைகள் வரும். விருந்தினரின் வான் டிரைவர் எங்கே படுப்பார் என்ற கேள்வி வராது.

வேகத்தைப் பற்றி யாரிடமும் கருத்துக் கேட்கத் தேவையே இல்லை. பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசம். பக்கத்தின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அவர்களின் அளவுகோல். கமராவிலிருந்து எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் அது நடக்காது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று போனில் தேடுகிறவர் அவ்வளவு பொறுக்கவும் மாட்டார். மனிதரிடம் காட்டமுதல் முடிக்க வேண்டிய வேலை இது.

எண்களை நம்புகிறவர்களுக்கு

இரண்டு வடிவத்தையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பாதிப் பேருக்குப் பழையதும் மீதிப் பேருக்குப் புதியதும் காட்டி எது வெல்கிறது என்று பார்ப்பதே ஏ/பி சோதனை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 100 பேரில் 2 பேர் பதிவு செய்யும் தளம் 3 பேருக்கு உயர்ந்திருக்கிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு வடிவத்தையும் ஏறத்தாழ 4,000 பேர் பார்த்திருக்க வேண்டும். மாதம் 300 பேர் வரும் தளத்துக்கு அது இரண்டு வருடத்துக்கு மேல். அதற்குள் தளம் மறுபடியும் பழசாகிவிடும். நான்கு அறைக்கு இது வேண்டாம்.

அப்படியானால் புதுப்பிக்க முன்னும் பின்னும் புக்கிங்கை எண்ணினால் என்ன? இதிலும் ஒரு பொறி இருக்கிறது. புதுத் தளத்தை ஜூனில் போட்டுவிட்டு, ஆகஸ்டில் எல்லா அறையும் நிரம்பியது என்று மகிழ்கிறவர் நல்லூர்த் திருவிழாவை மறந்துவிடுகிறார். 25 நாள் திருவிழாவும் கனடா, லண்டன் பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்து வரும் காலத்தில் தளமே இல்லாவிட்டாலும் அறை நிரம்பும். அதேபோல் நவம்பர் மழையில் புதுத் தளம் வந்தால் வடிவமைத்த தம்பிதான் ஏச்சு வாங்குவான்.

மைக்ரோசொஃப்ட் கிளாரிட்டி போன்ற கருவிகள் வேறு ரகம். 2020 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, காசு இல்லை. வருகிறவர் எங்கே தட்டினார், எவ்வளவு கீழே இறக்கிப் பார்த்தார், எங்கே வெளியேறினார் என்பதைக் காணொளி போல ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றும் நடக்காத இடத்தில் தட்டினாலும், எரிச்சலில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினாலும் தனியாகக் குறித்துக் காட்டும். படமாகப் போட்டு வைத்த தொலைபேசி எண்ணை அழைப்பு எடுக்கவென்று ஆக்கள் தட்டிக்கொண்டே இருப்பது இதில்தான் பிடிபடும். தெற்கிலிருந்து வான் பிடித்து நயினாதீவுக்கு வருகிற குடும்பங்களில் பலர் படிவம் நிரப்பப் பொறுமை இல்லாமல் நேரே போன் எடுக்கிறவர்கள் என்பதால், இது சின்னக் குறை அல்ல.

கிளாரிட்டியின் குறை, காரணம் சொல்லாது. ஒருவர் விலைப் பக்கத்தில் நாற்பது வினாடி நின்றார் என்று தெரியும். விலை கூடவா, விளங்கவில்லையா, குழந்தை அழுததா என்று தெரியாது. இன்னொன்று, ஐரோப்பாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருகிறவர்களிடம் அவர்கள் தட்டுவதை இப்படிப் பதிவு செய்ய முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். நம் தளங்களுக்கு வருகிறவர்களில் பாதி அந்தப் பக்கம்தான், ஆகவே அந்த அனுமதிப் பெட்டியைத் தவிர்க்க வழியில்லை.

பக்கத்தில் இருந்து பார்ப்பது

ஓர் ஆளிடம் போனைக் கொடுத்து ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். “ஆகஸ்டில அம்மா அப்பாவோட நாலு இரவு. அம்மாவுக்குப் படி ஏற ஏலாது. அறை எடுங்கோ பார்ப்பம்.” மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டு, நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். வீட்டு உரிமையாளரைப் பக்கத்தில் இருத்தவே கூடாது. “அக்கா, கொஞ்சம் கீழ பாருங்கோ” என்று ஒருமுறை சொன்னால் சோதனை முடிந்தது.

எத்தனை பேர் வேண்டும்? நீல்சனே 2000-இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். சராசரியாக ஒருவர் 31 சதவீதக் குறைகளைக் காட்டிக் கொடுப்பார் என்றால், ஐந்து பேரோடு 85 சதவீதம் வெளியே வந்துவிடும். ஆனால் அது ஒரே மாதிரியான ஆக்கள் பாவிக்கும் தளத்துக்கு. வெவ்வேறு கூட்டம் என்றால் ஒவ்வொன்றிலும் மூன்று பேராவது வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. யாழ்ப்பாணத்து வீட்டுக்கு மூன்று கூட்டம் உண்டு: புலம்பெயர்ந்த குடும்பங்கள், கொழும்பிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறவர்கள், முதுகுப்பையோடு வரும் வெள்ளைக்காரர்.

மூன்று கூட்டத்தையும் பிடிக்கப் பெரிய செலவு இல்லை. ரொறன்ரோக்காரருடன் வட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே திரையைப் பகிரச் செய்து பார்க்கலாம். கோடையில் ஒன்பதரை மணிநேர வித்தியாசம், இங்கே இரவு ஏழு என்றால் அங்கே காலை ஒன்பதரை. ஆனால் மச்சானைப் பிடிக்காமல் மச்சானோடு வேலை செய்கிறவரைப் பிடியுங்கள். வெளிநாட்டவர் உங்கள் வீட்டிலேயே தங்கியிருப்பார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கால்மணி நேரம் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். அவர் ஏற்கெனவே அறை எடுத்தவர் என்பதால், வேறொரு தேதிக்கு, வேறு ஆக்களுக்கு எடுக்கச் சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து வந்தவரிடம் தமிழும் ஆங்கிலமும் மட்டும் உள்ள தளத்தைக் கொடுத்துப் பாருங்கள். சிங்களத்தில் ஒரு பக்கமாவது வேண்டுமா என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இப்படி இருந்து பார்க்கும்போது வெளிவருபவை வேறு எந்த வழியிலும் வராதவை. விலை ஓர் அறைக்கா முழு வீட்டுக்கா என்று திரும்பத் திரும்ப மேலும் கீழும் தேடுவார்கள். 05/08 என்பதை ஒருவர் ஆகஸ்ட் ஐந்தாகவும் இன்னொருவர் மே எட்டாகவும் படிப்பார். கீழ் அறையில் கொமட் இருக்கிறதா என்று படத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இது: எல்லாம் பார்த்து முடிந்ததும், தளத்தை விட்டு வெளியேறி கூகுளில் வீட்டின் பெயரைப் போட்டு, விமர்சனத்தையும் புக்கிங் டொட் கொம் விலையையும் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே விலை என்றால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். 15 சதவீதத்தை மிச்சம் பிடிக்கச் செய்த தளம், விலையில் வித்தியாசமோ, நேரே எடுத்தால் கிடைக்கும் வேறு ஏதாவதோ சொல்லாவிட்டால் கமிஷன்காரருக்கே ஆள் பிடித்துக் கொடுக்கிறது.

போனில் ஏற்கெனவே கிடப்பது

பக்கத்தில் இருந்து பார்ப்பதற்குச் சரியான போட்டி ஒன்றே ஒன்று, அதை யாரும் கருத்து என்று நினைப்பதில்லை: அறை எடுக்கமுதல் விருந்தினர் வட்ஸ்அப்பில் கேட்கிற கேள்விகள்.

ஏசி எத்தனை அறைக்கு? வான் படலை வரைக்கும் வருமா, ஒழுங்கை முகப்பில் நிறுத்த வேண்டுமா? டிரைவருக்கு இடம் உண்டா? மச்சம் சமைக்கலாமா? கிணற்றுத் தண்ணீர் உவரா, குடிக்கலாமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கொழும்பு ஆக்கள் கட்டாயம் கேட்பார்கள், சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் அவர்களுக்குப் பழக்கமில்லை. புதுத் தளத்துக்கு முன் இரண்டு மாதச் செய்திகளை எடுத்து, எந்தக் கேள்வி எத்தனை முறை என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு எண்ணுங்கள். புதுத் தளம் வந்தபின் அதையே திரும்பச் செய்யுங்கள். மொத்த எண்ணிக்கையை விடுங்கள், கேட்ட பத்துப் பேரில் எத்தனை பேர் ஏசியைக் கேட்டார்கள் என்று பாருங்கள். திருவிழாக் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த விகிதம் அவ்வளவு ஆடாது. விடை தளத்தில் இருந்தும் கேள்வி குறையவில்லை என்றால், விடை இருக்கும் இடம் பிழை.

எல்லாக் கேள்வியையும் தளத்தின் குறையாக எண்ணக் கூடாது. நாட்காட்டியில் அறை காலி என்று தெளிவாகத் தெரிந்தும் “அறை இருக்கா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. வீட்டை நடத்துவது யார், எப்படிக் கதைக்கிறார் என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். அதற்குத் தளத்தில் மருந்து இல்லை, வேண்டியதும் இல்லை.

இந்த வழியின் பலவீனம் வெளிப்படையானது. கேட்காமலே போய்விட்டவர் இதில் இல்லை. தேதிப் பெட்டியில் சிக்கிச் சலித்தவர் உங்களுக்குச் செய்தி அனுப்பமாட்டார், அடுத்த வீட்டைப் பார்ப்பார். அவர் ஏன் போனார் என்று காட்டுவது பக்கத்தில் இருந்து பார்ப்பது மட்டும்தான். எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்பதைக் கிளாரிட்டி சொல்லும்.

எனவே செய்கிற ஒழுங்கு எனக்கு இப்படி: முதலில் வேகம், பிறகு கொப்பிக் கணக்கு, அப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று பேர். இதற்குமேல் நேரமிருந்தால் கிளாரிட்டி. ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்கிறவருக்குக் கொப்பி போதும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சொல்லமாட்டேன். மூன்று பேரையாவது இருத்திப் பாருங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜூன், ஜூலையில் தளத்தில் கை வைக்க வேண்டாம். பதிவுப் படிவம் ஒரு வாரம் வேலை செய்யாமல் போனாலும் திருவிழா அறைகள் வேறு வீட்டுக்குப் போய்விடும். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஆக்கள் குறைவு, அப்போது மாற்றி, டிசம்பர் விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்த குடும்பங்களிடம் முதல் சுற்றைப் பார்க்கலாம். வெள்ளைக்காரர் அதிகம் வருவது ஜனவரி முதல் மார்ச் வரை என்பதால் அவர்களுக்கான மூன்று பேரை அதுவரை தள்ளி வைத்தாலும் பாதகமில்லை.