99 சதவீதம் காட்டும் ஹீட் ரெகவரி பெட்டி: ஒரு குளிர்காலம் கழித்து

குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் ஹீட்டர் சூடு வெளியே ஓடிவிடும். மூடியே வைத்தால் விடியும்போது அறை புழுங்கிக் கிடக்கும். அதற்காகத்தான் இந்த ஹீட் ரெகவரி வென்டிலேட்டரை வாங்கினேன். சமையலறை, குளியலறைக் காற்றை இழுத்து, அதன் சூட்டை உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கைமாற்றிவிட்டு வெளியே தள்ளும். இரண்டு காற்றும் கலப்பதில்லை, நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள்.

பெட்டியின் முகப்பில், எத்தனை சதவீதம் சூட்டை மீட்கிறது என்று காட்டும் ஒரு சின்னத் திரை. மாட்டிய மறுநாளே அதில் 99%. லேபிளில் போட்டிருந்ததே 86 தான். அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. லேபிளை மிஞ்சும் எண்ணைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். இருந்தும் இரண்டு வாரம் சோம்பலில் விட்டுவிட்டேன். என்னைக் கிளப்பியது என் மனைவி. "ஏங்க, 99ன்னு காட்டுதே, அப்புறம் எதுக்கு வாசக்கதவுக்கு அடியில சில்லுன்னு காத்து வருது?"

சரி என்று நாலு வெப்பநிலை சென்சார்களை எடுத்தேன். முதலில் நாலையும் ஒரே துணியில் சுருட்டி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்ததில், ஒன்றுக்கொன்று 0.4 டிகிரி வரை பேதம். அதைக் குறித்துக்கொண்டேன். இது சில்லறைத் தொகை போலத் தெரியும். உள்ளுக்கும் வெளிக்கும் 18 டிகிரி இடைவெளி இருந்தால் சில்லறைதான், 2 சதவீதப் பிழை. இடைவெளி 4 டிகிரி மட்டும் உள்ள நாளில் அதுவே 10 சதவீதம். அதனால் நல்ல குளிரான இரவாகப் பார்த்து அளந்தேன். சென்சாரை டக்டின் (காற்று போகும் குழாயின்) சுவரில் ஒட்டாமல், பெட்டியை ஒட்டி, குழாயின் நடுவில் தொங்கவிட வேண்டும். பெட்டியை விட்டு வந்த உடனே மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு இருக்கும். நான் மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி போட்டேன்.

வெளிக்காற்று 3.0. வீட்டிலிருந்து இழுக்கும் காற்று 21.0. அறைக்குள் வரும் புதுக்காற்று 20.8. உள்ளுக்கும் வெளிக்கும் இடைவெளி 18 டிகிரி, அதில் புதுக்காற்று ஏறியது 17.8, அதாவது 99 சதவீதம். திரை பொய் சொல்லவில்லை! ஆனால் நாலாவது சென்சார் இருக்கிறதே, வெளியே தள்ளும் காற்றில், அது 10.9 காட்டியது. அந்தப் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டால், 18 டிகிரியில் இறங்கியது 10.1, 56 சதவீதம்தான். ஒரே பெட்டி, ஒரே நேரம், இரண்டு மார்க்.

உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் சம அளவில் இல்லை என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். அண்டா வெந்நீரில் ஒரு டம்ளர் பாலை வைத்தால் பால் நன்றாகவே சூடாகும்; அண்டாவில் எவ்வளவு சூடு வீணாகிறது என்று டம்ளர் சொல்லாது. காற்றை அளக்கப் பெரிய கருவி தேவைப்படவில்லை. 60 லிட்டர் குப்பைப் பை ஒன்றைக் கசக்கி, காற்று துளியும் இல்லாமல், படுக்கையறையில் புதுக்காற்று வரும் வால்வில் வாயைப் பொருத்தினேன். புஸ்ஸென்று நிரம்ப 9 வினாடி, அதாவது மணிக்கு 24 கன மீட்டர். இழுக்கும் வால்வுகளில் இதையே தலைகீழாகச் செய்தேன், ஊதிய பையை வைத்து அது சப்பிப்போக எவ்வளவு நேரம் என்று. எல்லாவற்றையும் கூட்டினால் உள்ளே வருவது 95, வெளியே போவது 150. மிச்சம் 55 எங்கிருந்து வருகிறது? வாசக்கதவுக்கு அடியிலிருந்து. 3 டிகிரியில் வரும் அந்த 55 கன மீட்டரைச் சூடாக்க மட்டும் ஏறக்குறைய 340 வாட். மனைவியின் கணுக்கால் என் சென்சார்களை முந்திவிட்டது.

காரணம் பொய்க்கூரைக்கு மேல் இருந்தது. பொருத்த வந்தவர்கள் புதுக்காற்று வரும் வளையும் டக்டைக் கம்பிக்கு அடியில் மடக்கித் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள், மிதிபட்ட ஹோஸ் பைப் போல. நிமிர்த்திவிட்டு மறுபடி அளந்தேன். உள்ளே 145, வெளியே 150. புதுக்காற்று 18.2க்கு இறங்கியது, திரையில் 84. வீட்டின் மொத்த இழப்போ சுமார் 340 வாட்டிலிருந்து 170க்கு வந்துவிட்டது. மார்க் குறைந்தது, செலவு பாதியானது.

அந்த 84லும் கொஞ்சம் இரவல் உண்டு. இரண்டு ஃபேனும் சேர்ந்து 60 வாட் இழுக்கின்றன. ஒரு ஃபேனின் 30 வாட் புதுக்காற்றை 0.6 டிகிரி சூடாக்கிவிடும். அது மீட்ட சூடு இல்லை, கரண்ட் பில். மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெர்மனியின் பாசிவ் ஹவுஸ் இன்ஸ்டிட்யூட் வெளியே தள்ளும் காற்றை வைத்துக் கணக்குப் போட்டு, ஃபேன் சூட்டையும் அதில் சரிக்கட்டும். அந்த முறையில் (வெளியேறும் காற்று இப்போது 7.5) எனக்கு வந்தது ஏறக்குறைய 81. அவர்கள் கேட்பது குறைந்தது 75. மின்சாரத்துக்கு வரம்பு கன மீட்டருக்கு 0.45 வாட்-மணி, இது 0.40. வீட்டில் அளந்ததை ஆய்வக அளவோடு ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் மோசமில்லை.

மற்றபடி, நடு வேகத்தில் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. ஃபில்டரைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அழுக்கு ஃபில்டரும் மடங்கிய டக்ட் செய்த அதே வேலையைச் செய்யும் என்பதால் அடிக்கடி பார்க்கிறேன். தகட்டில் வடியும் தண்ணீர் போகும் குழாய் மட்டும் ரொம்பச் சின்னது, ஒரு முறை அடைத்துக்கொண்டது.

பெட்டிக்கு 5க்கு 4 கொடுக்கிறேன். பொருத்தியவர்களுக்கு 1. திரைக்கு ஒன்றும் கிடையாது: வெளியே தள்ளும் காற்றில் ஒரு சென்சார் உள்ளேயே இருந்தும், அதைக் காட்டாமல் சாதகமான பக்கத்தை மட்டும் எடுத்து மார்க் போட்டுக்கொள்கிறது. அதை அணைக்க மெனுவில் வழி தேடினேன், இல்லை. இப்போதைக்கு ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்.