வகுப்பா, களமா: குழந்தை நலத்துறையில் கேஸ் வேலை கற்பது

உட்கார்ந்து படிப்பதா, மூத்த கேஸ் ஒர்க்கர் (பிள்ளையின் பாதுகாப்புக்காக வீட்டுக்குப் போய் குடும்பத்தைப் பார்த்து, கோப்பு எழுதுபவர்) பின்னால் போய்ப் பழகுவதா? இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு.

வகுப்பில் சட்டகம் கிடைக்கும். உடனடி ஆபத்தையும் பின்னால் வரக்கூடியதையும் பிரித்துப் பார்ப்பது, 1975இல் ஆன் ஹார்ட்மன் உருவாக்கிய ஈகோமேப்பை, அதாவது குடும்பத்துக்கு வெளியே யார், எதோடு உறவு என்று காட்டும் படத்தை வரைவது, பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது பற்றிய 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு எல்லாம் அங்கேதான் ஒழுங்காகப் பிடிபடும்.

களம் வேறு மாதிரி. கதவைப் பாதி திறந்து நிற்கிறார் ஓர் அம்மா. புதியவர் படிவத்தை எடுப்பார், மூத்தவர், "பையன் தூங்குறானா?" என்று குரலைத் தாழ்த்துவார். கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும். அப்புறம் அறிக்கை. "வீடு அசுத்தம்" என்று எழுதினால் அடித்துவிட்டு, "தொட்டியில் மூன்று தட்டு, தரையில் ஈரத்துணி" என்று எழுதவைப்பார்.

ஆனால் மூத்தவரின் கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். அப்பா வேலைக்குப் போகும் நேரத்திலேயே பெற்றோருக்கான எல்லாப் பயிற்சியையும் வைத்துவிட்டு, "ஒத்துழைக்கவில்லை" என்று கோப்பில் எழுதுபவர்களும் இருக்கிறார்களே!

என்னைக் கேட்டால் களம்தான். ஆனால் வாரம் ஒருமுறையாவது, வேறொரு மேற்பார்வையாளர் கோப்பைப் பிரித்துக் கேள்வி கேட்க வேண்டும்.